ஓர் எண்ணின் வரலாறு

மனிதருக்கு வரலாறு உண்டு. ஊர்களுக்கும் கல்லூரிகளுக்கும் வரலாறு உண்டு. எண்ணுக்கும் வரலாறு உண்டோ என வினவுவோர் இருக்கலாம். எண்கள் பிறப்பதுமில்லை, மூப்பதுமில்லை. ஆதலின் அவற்றிற்கு வரலாறு இல்லை என்பது ஒருவகையில் உண்மையே. ஆயினும் எண்களைப் பற்றி மனிதர் கொண்ட நம்பிக்கைகளுக்கு வரலாறு உண்டு. பேரறிஞர் ஒருவரை ஏமாற்றிய எண் ஒன்றின் கதையை இங்கே கூற முற்படுகின்றோம். கணிதத்தைக் கல்லூரி வாயிலோடு விட்டுச் சென்ற பழைய மாணவரும் இதனைத் தொடர்ந்து படிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும், சிறிது பொறுமையும் இருந்தாற் போதும்.

அவ்வெண் 4,294,967,297 ஆகும். நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என வாசிக்கலாம். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியமணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என இரட்டித்து வைக்குமாறு அரசனிடம் பரிசு கேட்டவன் கதையை யாவரும் அறிவர். பலகையின் முற்பாதியாகிய 32 கட்டங்களிலும் வைக்கவேண்டிய மணிகளின் தொகை 4,294,967,295. அதனோடு இரண்டைக் கூட்டினால் நாம் எடுத்துக்கொண்ட எண் வரும். 2 ஐ 32 முறை எழுதிப் பெருக்கி ஒன்று கூட்டினாலும் அதுவே வரும். சுருக்கமாக 2³² + 1 என எழுதுவர்.

முதன்மையும் சேர்த்தியும்

முழுவெண்களைப் பலவகையாகப் பிரிக்கலாம். அவற்றுள் தலையாயது முதன்மை எண், சேர்த்தி எண் என்னும் பிரிவு. ஒன்றினாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது முதன்மை எண். 2, 3, 5, 7, 11 என்பன அத்தகையன. 15 போல, சிறிய எண்களின் பெருக்கமாகப் பிரியக்கூடியது சேர்த்தி எண். ஒவ்வொரு சேர்த்தி எண்ணும் முதன்மை எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு வழியிலேயே பிரியும். இதனால், மூலகங்கள் இரசாயனத்திற்கு எத்தகையனவோ முதன்மை எண்கள் எண்கணிதத்திற்கு அத்தகையன எனலாம்.

சிறிய எண்ணொன்று எவ்வகையினது என்று காண்பது எளிது. பேரெண்ணாயின் நிலைமை வேறு. 4,294,967,297 ஐப் பாருங்கள். அது ஒற்றை எண். ஆதலின் இரண்டால் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. ஆதலின் மூன்றால் வகுபடாது. இறுதி இலக்கம் 7. ஆதலின் ஐந்தால் வகுபடாது. பதினொன்றுக்குரிய ஒன்றைவிட்டொரு இலக்கச் சோதனையையும் அது கடந்துவிடும். இனி ஒவ்வொரு முதன்மை எண்ணாக வகுத்துப் பார்ப்பதாயின் எதுவரை செல்லவேண்டும்? எண்ணின் வர்க்கமூலம் வரை சென்றாற் போதும். அவ்வெல்லை இங்கே 65,536. அதற்குட்பட்ட முதன்மை எண்கள் 6,542. நாளொன்றுக்கு இருபது வகுத்தல் செய்பவனுக்கும் பத்து மாதங்களுக்கு மேற் செல்லும்.

பெர்மாவின் நம்பிக்கை

பிரான்சு நாட்டின் துலூசு நகரில் நீதித்துறைப் பதவி வகித்தவர் பியர் டி பெர்மா. கணிதம் அவருக்குத் தொழிலன்று; ஓய்வுவேளைப் பொழுதுபோக்கு. எனினும் இன்றைய எண்ணியலுக்கு அடித்தளமிட்டவர் அவரே என்பர். 1640 ஆம் ஆண்டில் நண்பர்க்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு கருத்தை வெளியிட்டார்.

2 இன் வலுவொன்றுடன் ஒன்றைக் கூட்டினால் எப்பொழுது முதன்மை எண் கிடைக்கும் என்பதே கேள்வி. வலுவைக் குறிக்கும் சுட்டிக்கு 1 தவிர்ந்த ஒற்றைக் காரணி இருப்பின் ஒருபோதும் கிடையாது. உதாரணமாக, சுட்டி 6 ஆயின் 2⁶ + 1 = 65; 6 இல் ஒற்றைக் காரணி 3 இருத்தலால், 65 ஐ 2² + 1, அதாவது 5, வகுத்துவிடும். ஆகவே சுட்டியும் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்வதாயிருத்தல் வேண்டும். அவ்வாறு பெறப்படும் எண்கள் இவை:

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65,537
2³² + 1 = 4,294,967,297

இவற்றை இன்று பெர்மா எண்கள் என வழங்குகின்றோம். முதல் ஐந்தும் முதன்மை எண்கள். இவ்வரிசையில் எவ்வளவு தூரம் சென்றாலும் வருவன யாவும் முதன்மை எண்களே எனப் பெர்மா நம்பினார். தம்மிடம் நிறுவல் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. 1654 இல் பசுக்காலுக்கு எழுதியபோதும் அந்நிலையே நீடித்தது. ஆயினும் நம்பிக்கை தளரவில்லை. ஐந்து சாட்சிகள் ஒரே குரலிற் பேசின. ஆறாவது சாட்சியை எவரும் விசாரிக்கவில்லை.

ஒயிலரின் விடை

பெர்மா 1665 இல் மறைந்தார். ஏறக்குறைய அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1729 டிசெம்பரில் மொஸ்கோவிலிருந்த கோல்ட்பாக் என்பவர், செயின்ற் பீற்றர்ஸ்பேக் நகரிலிருந்த இளைஞரொருவருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில், பெர்மாவின் இக்கூற்று உண்மையாவென்று கேட்டிருந்தார். அவ்விளைஞரே லெனாட் ஒயிலர். அப்போது அவருக்கு 22 வயது. முதலில் அவர் இதிற் கருத்தூன்றவில்லை. ஆயினும் 1732 இல் விடை வெளிப்பட்டது:

4,294,967,297 = 641 × 6,700,417

பெருக்கிப் பார்த்து உறுதிசெய்ய ஐந்து நிமிடம் போதும். நூறாண்டுக்கு அண்மிய நம்பிக்கையொன்று ஒரே வரியில் வீழ்ந்தது.

641 ஐ எவ்வாறு கண்டுபிடிப்பது? 1747 ஆம் ஆண்டளவில் அளித்த கட்டுரையொன்றில் ஒயிலர் அதற்கான விதியைத் தெளிவாக நிறுவினார். அவ்விதியின் கருவை இங்கே தருகின்றோம். உயர்வகுப்பு மாணவர் ஊன்றிப் படிக்கவேண்டுகின்றோம்.

நமது எண்ணை வகுக்கும் முதன்மை எண் ஒன்று உண்டென்று கொண்டு, அதனை ம என்க. 2 இன் வலுக்களை ஒன்றன்பின் ஒன்றாக ம ஆல் வகுத்துச் சென்றால், மீதிகள் ஒரு சக்கரம்போல் திரும்பத் திரும்ப வரும். மீதி 1 முதன்முதலில் வருமிடமே அச்சக்கரத்தின் நீளம். 2³² + 1 என்பதை ம மீதியின்றி வகுப்பதால், 2³² இன் மீதி −1 போன்றது. அதன் வர்க்கமாகிய 2⁶⁴ இன் மீதி 1. ஆகவே சக்கரத்தின் நீளம் 64 ஐ வகுக்கும், 32 ஐ வகுக்காது. அத்தகைய எண் 64 ஒன்றே. மறுபுறத்தில், 2 தவிர்ந்த எந்த முதன்மை எண் ம இற்கும், 2 இன் (ம − 1) ஆம் வலுவை ம ஆல் வகுத்தால் மீதி 1 ஆகும் என்பது ஒரு தேற்றம். உதாரணமாக, 7 ஐ எடுத்தால் 2⁶ = 64 = 7 × 9 + 1. ஆகவே (ம − 1) ஆனது 64 இன் மடங்காதல் வேண்டும். அதாவது, நமது எண்ணை வகுக்கக்கூடிய முதன்மை எண் ஒவ்வொன்றும் 64 இன் மடங்கிலும் ஒன்று கூடியது.

இவ்விதி வேலையை எவ்வளவு குறைக்கின்றது என்று பாருங்கள். 64 இன் மடங்குகளுடன் ஒன்றைக் கூட்டினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என வரும். இவற்றுள் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்தே. முதல் நான்கும் வகுக்கமாட்டா, ஐந்தாவது வகுத்துவிடும். பத்து மாத வேலை ஐந்து வகுத்தலாகச் சுருங்கிவிட்டது. 1878 இல் லூக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர், 64 இற்குப் பதிலாக 128 இன் மடங்குகளை எடுத்தாற் போதுமென்று காட்டினார். அதன்படி 257, 641 என்னும் இரண்டே எஞ்சும்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மேலே பயன்படுத்திய தேற்றம் யாருடையது? பெர்மாவினுடையதே! அதே 1640 ஆம் ஆண்டு ஒற்றோபரில் அவர் அதனைக் கடிதமொன்றில் எழுதியிருந்தார். அதற்கு நிறுவலளித்தவர் ஒயிலர். பூட்டைத் திறக்கும் சாவி பெர்மாவின் மடியிலேயே கிடந்தது.

வகுக்காமலே அறிதல்

641 நமது எண்ணை வகுக்கும் என்பதை நீண்ட வகுத்தலின்றியும் காட்டலாம். 641 இற்கு இரண்டு முகங்கள் உண்டு: ஒன்று 5 × 2⁷ + 1, மற்றது 5⁴ + 2⁴, அதாவது 625 + 16. முதல் முகத்தைக் கொள்வோம். 640 இன் நான்காம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதை 641 வகுக்கும் என்பது அட்சரகணிதத்தில் நாம் கற்ற காரணியாக்கமே. 640 இன் நான்காம் வலு 5⁴ × 2²⁸. ஆகவே 5⁴ × 2²⁸ − 1 என்பதை 641 வகுக்கும். இரண்டாம் முகத்தை 2²⁸ ஆற் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³² வரும். இதனையும் 641 வகுக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எஞ்சுவது 2³² + 1. ஆகவே அதனையும் 641 வகுக்கும். பத்திலக்க எண்ணொன்றைத் தொடாமலே அதன் உள்ளத்தை அறிந்துகொண்டோம்.

மற்றைக் காரணியாகிய 6,700,417 மேலும் பிரியுமா? அதன் வர்க்கமூலம் 2,588 ஐச் சிறிதே விஞ்சும். லூக்காவின் விதிப்படி அவ்வெல்லைக்குள் சோதிக்கவேண்டிய முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்பனவே. நமது எண்ணையே வகுக்காத 257 அதன் காரணியையும் வகுக்காது. எஞ்சிய நான்கினாலும் வகுக்க வரும் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எனவே 6,700,417 முதன்மை எண்ணே, பிரித்தல் முற்றுப்பெற்றது.

இவ்வெண்ணின் பிற இயல்புகள்

நமது எண் இரு முதன்மை எண்களின் பெருக்கம்; இரண்டும் வெவ்வேறாதலின் வர்க்கக் காரணி எதுவும் அதற்கில்லை. பண்டைக் கிரேக்கர், ஓர் எண்ணைத் தவிர்ந்த அதன் வகுத்திகளின் கூட்டுத்தொகையை அவ்வெண்ணோடு ஒப்பிட்டு, நிறையெண், மிகையெண், குறையெண் என வகுத்தனர். நமது எண்ணின் அத்தகைய வகுத்திகள் 1, 641, 6,700,417, கூட்டுத்தொகை 6,701,059. நானூறு கோடிக்கு எழுபது இலட்சமும் தேறவில்லை. எனவே இது குறையெண். அதுவும் பெருங் குறையெண்.

இதனிலும் அழகியது வர்க்கங்கள் பற்றிய இயல்பு. 4 ஆல் வகுக்க மீதி 1 தரும் முதன்மை எண் ஒவ்வொன்றும் இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரே ஒரு வழியில் எழுதப்படும்; 13 = 9 + 4 என்பதுபோல. நமது எண்ணோ இரு வழிகளில் எழுதப்படுகின்றது:

65,536² + 1²
62,264² + 20,449²

முதன்மை எண்ணாயின் இரண்டாவது வழி இருத்தல் இயலாது. ஆகவே 641 என்ற பெயரையே கேளாதவனும் இவ்விரு வரிகளைக் கொண்டே இது சேர்த்தி எண் என முடிவுசெய்யலாம். காரணி எதுவெனத் தெரியாமலே காரணி உண்டென்பதை அறியமுடியும் என்னும் இவ்வுண்மை பிற்காலத்திற் பெரிதும் பயன்பட்டது.

இன்னொரு வகையில் இது வேடமணிந்த எண். முன்கூறிய பெர்மாவின் தேற்றத்தைச் சோதனையாகக் கொண்டு, 2 இன் 4,294,967,296 ஆம் வலுவை நமது எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். முதன்மை எண்ணுக்குரிய அடையாளத்தை அது காட்டிவிடுகின்றது! இத்தகையவற்றைப் போலி முதன்மை எண்கள் என்பர். 11 × 31 ஆகிய 341 இவற்றுள் மிகச் சிறியது. 2 இற்குப் பதிலாக 3 ஐக் கொண்டு அதே சோதனையைச் செய்தால் மீதி 1 வராது, வேடம் கலைந்துவிடும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பவன் ஏமாறுவான். வேறு கேள்வி கேட்பவன் உண்மையைக் காண்பான்.

கேத்திரகணிதத்தில் ஒரு தொடர்பு

எண்களின் விளையாட்டாகத் தோன்றிய இவ்வாராய்ச்சி எதிர்பாராத இடத்திற் பயன் தந்தது. நேர்விளிம்பும் கவராயமும் மட்டும் கொண்டு எவ்வொழுங்கான பல்கோணிகளை வரையலாம் என்பது கிரேக்கர் காலக் கேள்வி. 1796 இல், பத்தொன்பது வயது நிரம்பாத கவுஸ், 17 பக்கப் பல்கோணியை வரையலாம் என்று காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையாயின், அது வெவ்வேறான பெர்மா முதன்மை எண்களின் பெருக்கமாகவோ அவற்றுள் ஒன்றாகவோ இருத்தல் வேண்டும் என்பது விதி. பிறவற்றை வரையமுடியாதென்னும் பகுதியை 1837 இல் வான்செல் நிறுவினார்.

3 × 5 × 17 × 257 × 65,537 எவ்வளவு? நமது எண்ணிற்கு இரண்டு குறைந்த 4,294,967,295, அதாவது சதுரங்கப் பலகையின் அரைப்பாதித் தானியத் தொகை! ஒற்றைப் பக்க எண்ணிக்கையுடையவற்றுள், வரையலாமென நாம் அறிந்த மிகப் பெரிய பல்கோணி அதுவே. அடுத்த 4,294,967,296 உம் 2 இன் வலுவாதலின் வரையத்தக்கது. அதற்கடுத்த நமது எண்ணோ வரையத்தகாதது. 641 அதன் வழியை அடைத்துவிட்டது.

இன்றைய நிலை

அடுத்த பெர்மா எண் 2⁶⁴ + 1. அதனை 274,177 வகுக்கும் என்பதை 1880 இல் லாந்திரி என்னும் முதியவர் வெளியிட்டார். அதற்கடுத்தது சேர்த்தி எண் என்பது 1905 இல் தெரிந்தது. அதன் காரணிகளோ 1970 இலேயே கணினியின் துணையாற் கிடைத்தன. அறுபத்தைந்து ஆண்டுகள், பிரியும் என்று தெரிந்தும் எவ்வாறு பிரியும் என்று தெரியாதிருந்தது. இத்தகைய கடினமே இன்று இரகசியச் செய்திகளுக்குக் காவலாக அமைந்துள்ளது. இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்திலிருந்து அவற்றை மீட்பது அரிது. இவ்வடிப்படையில் 1977 இல் வகுக்கப்பட்ட மறையெழுத்து முறையில் 65,537 என்னும் பெர்மா முதன்மை எண் வழக்கமாகக் கையாளப்படுகின்றது.

சுட்டி 32 உடைய நமது எண் தொடக்கம், வரிசையில் அடுத்தடுத்து வரும் இருபத்தெட்டு பெர்மா எண்கள் சோதிக்கப்பட்டுள்ளன. இருபத்தெட்டும் சேர்த்தி எண்களே. இருபத்தொன்பதாவதற்கு 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் உண்டு. அதன் இயல்பு இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. பெர்மா கண்ட ஐந்துக்கு அப்பால் ஒரு முதன்மை எண்ணும் இவ்வரிசையிற் கிடைக்காமையால், இனிக் கிடைக்கவே மாட்டாது என்று பலர் கருதுகின்றனர்.

இவ்விடத்தில் நாம் சிறிது தயங்கவேண்டும். ஐந்து உதாரணங்களைக் கண்டு "யாவும் முதன்மை" என்றார் பெர்மா. இருபத்தெட்டு உதாரணங்களைக் கண்டு "இனி எதுவும் முதன்மையன்று" என்போமாயின், அவரினும் நாம் எவ்வகையில் மேம்பட்டோம்? ஐந்திலிருந்து இருபத்தெட்டுக்குச் சென்றோம். முடிவிலியை நோக்க இரண்டும் ஒன்றே. நிறுவல் வரும்வரை அது கருத்தே. உண்மை எனப் பெயர்பெறாது.

மாணவர்க்கு இவ்வெண் உணர்த்துவது இதுவே எனக் கருதுகின்றோம். பெர்மாவின் பெருமைக்கு 641 எவ்விதக் குறைவும் செய்யவில்லை. அவரை வீழ்த்திய கருவியும் அவர் தந்ததே. ஆயினும் அவர் சொன்னார் என்பதற்காக 4,294,967,297 முதன்மை எண்ணாக இருக்கவில்லை. பெரியோர் கூறினர், நூலில் அச்சாயிற்று, ஐந்து முறை சரியாக வந்தது என்பன யாவும் மதிக்கத்தக்க காரணங்கள், நிறுவல்கள் அல்ல. எட்டாம் வகுப்பு மாணவனொருவன் கடதாசியும் பென்சிலும் கொண்டு 641 ஆல் வகுத்துப் பார்த்தால், ஐரோப்பாவின் பேரறிஞரைத் திருத்தும் தகுதி அவனுக்கு உண்டாகிவிடுகின்றது. வேறெத் துறையிலும் எளிதிற் கிட்டாத சுதந்திரம் இது. ஆசிரியரிடம் பணிவும், அவர் கூற்றைச் சோதிக்கும் துணிவும் ஒருங்கே வளரும் வகுப்பறைகளை எமது கல்லூரிகள் என்றும் பேணுமாக. இதனைப் படிக்கும் இளைய மாணவர் இன்றிரவே அவ்வகுத்தலைச் செய்து பார்ப்பாராக. எமது சொல்லையும் அவர் நம்பவேண்டியதில்லை.